குப்பையில் ஒளிரும் கரிமப் புள்ளிகள்: உழவர்கள் அறிய வேண்டியவை

அறுவடை முடிந்த பிறகு வயலிலும் களத்திலும் எஞ்சி நிற்பவை பல. நெல்லின் தாள், உமி, கரும்புத் தோகை, வாழைத் தண்டு, மட்டை, நிலக்கடலைத் தோல், பருத்தி மார், தென்னை நார்க்கழிவு என்று இவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் ஒரு பகுதி மாட்டுக்குத் தீவனமாகிறது. ஒரு பகுதி அடுப்பெரிக்கப் போகிறது. மீதி வரப்பில் மக்குகிறது, அல்லது தீயிட்டுக் கொளுத்தப்படுகிறது.

இப்படிப்பட்ட கழிவிலிருந்து இருட்டில் நீல நிறமாக ஒளிரும் நுண்துகள்களை விஞ்ஞானிகள் எடுத்து வருகிறார்கள். இவற்றுக்குக் கரிமப் புள்ளிகள் என்று பெயர். "நானோ" என்ற சொல்லும் இப்போது கடைத்தெரு வரை வந்துவிட்டது. ஆகவே, இந்தப் புள்ளிகள் எவை, எவ்வாறு எடுக்கப்படுகின்றன, எதற்குப் பயன்படும், சிறு விவசாயிக்கு இதனால் உண்மையில் கிடைப்பது என்ன என்பவற்றை வரிசையாகக் காண்போம். இதில் நம்ப வேண்டியதும் உண்டு. நம்பி ஏமாறக் கூடாததும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

கரிமப் புள்ளி என்பது என்ன?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாகப் பிரித்தால், அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். கரிமப் புள்ளிகள் பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் குறைவான அளவுள்ளவை. ஒரு நெல்மணியின் அகலம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 நானோமீட்டர் அளவுள்ள புள்ளிகளை அந்த அகலத்தில் வரிசையாக அடுக்கினால் 5 லட்சம் புள்ளிகள் அடங்கும்! சாதாரண உருப்பெருக்கிக்கு இவை அகப்படா. மின்னணு நுண்ணோக்கி என்ற பெரிய கருவியில்தான் பார்க்க முடியும்.

இவற்றின் உடல் பெரும்பாலும் கரிமம், அதாவது கரியிலுள்ள அதே பொருள்தான். ஆனால் அடுப்புக்கரி ஒளிர்வதில்லை. தண்ணீரில் கரைவதும் இல்லை. கரிமப் புள்ளிகளோ தண்ணீரில் நன்கு கலந்து நிற்கும். புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிவிடும். மிகச் சிறிய உருவமும், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்ந்த கூறுகளுமே இந்தக் குணத்தைத் தருகின்றன.

புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கதிரைப் புள்ளி உள்வாங்கிக்கொண்டு, அதில் சிறிது சக்தியை வெப்பமாக இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகிறது. இதையே ஒளிர்தல் என்கிறோம். ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் விளக்கின் கீழே நோட்டில் சில இழைகளும் எண்களும் பளிச்சென்று தெரிவதைப் பலர் கண்டிருக்கலாம். அதுவும் இதே வகைச் செயல்தான்.

கண்டுபிடித்த கதை

அமெரிக்காவில் தெற்குக் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 2004-ஆம் ஆண்டு, மின்பொறியால் உண்டான கரிப்புகையிலிருந்து கரிமக் குழாய்கள் என்ற வேறொரு பொருளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது கழிவாக ஒதுங்கிய பகுதியில் ஒளிரும் துகள்கள் இருப்பது தெரிந்தது. 2006-இல் அதே நாட்டின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் இத்தகைய துகள்களை நன்கு ஒளிரும்படி செய்து, கரிமப் புள்ளிகள் என்று பெயரிட்டனர். ஆக, இந்தப் பொருள் முதலில் கண்ணில் பட்டதே கழிவில்தான்.

இதற்கு முன்பே குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் நுண்துகள்கள் இருந்தன. அவற்றைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காக 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அவற்றில் பல, காட்மியம் போன்ற நச்சு உலோகம் கலந்தவை. கரிமப் புள்ளிகளில் அந்த உலோகம் தேவையில்லை. மலிவான பொருளிலிருந்தும் எடுக்கலாம். ஆய்வாளர்கள் இதன்பால் திரும்பியதற்கு இவையே காரணம்.

2012-ஆம் ஆண்டு நம் நாட்டு விஞ்ஞானிகள் ஆரஞ்சுப் பழச்சாற்றை 120 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் மூடிய கலத்தில் வைத்து இத்தகைய புள்ளிகளை எடுத்தார்கள். அதே ஆண்டில் சீனாவில் பம்பளிமாசுப் பழத்தின் தோலிலிருந்து எடுத்து, தண்ணீரில் கலந்த பாதரசத்தைக் கண்டறியப் பயன்படுத்தினர். 2013-இல் அஸ்ஸாமிலுள்ள தேஜ்பூர்ப் பல்கலைக்கழகத்தார் வாழைச் சாற்றிலிருந்து எடுத்தனர். பிறகு நெல் உமி, கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல், புல், வைக்கோல் என்று கையில் கிடைத்த தாவரப் பொருள் எல்லாவற்றிலும் சோதனை நடந்துவிட்டது.

எவ்வாறு எடுக்கிறார்கள்?

முறைகள் பல உண்டு. பெரும்பாலும் கையாளப்படுவது நீர்வெப்ப முறை. அதன் படிகள் வருமாறு:

1. கழிவை மண், தூசி நீங்கக் கழுவி, உலர்த்தி, பொடியாக்குகிறார்கள்.

2. சில கிராம் பொடியைத் தண்ணீருடன் கலந்து, உட்புறம் டெஃப்லான் பூசிய எஃகுக் கலத்தில் அடைத்து இறுக மூடுகிறார்கள். இந்தக் கலம் பெரும்பாலும் 50 அல்லது 100 மில்லி பிடிக்கும் சிறிய பாத்திரமே.

3. கலத்தை அடுப்புப் பெட்டியில் வைத்து, 180 முதல் 200 டிகிரி வரை வெப்பத்தில் பல மணி நேரம் வைக்கிறார்கள். தாவரத்தின் நாரும் மாவும் இந்தச் சூட்டில் உடைந்து சர்க்கரையாகின்றன. சர்க்கரை நீரை இழந்து, ஒன்றோடொன்று பிணைந்து, கரியாக மாறத் தொடங்குகிறது. வெல்லப்பாகு அடுப்பில் முறுகிப் பழுப்பாவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

4. ஆறிய பின் பழுப்பு நிற நீரும், அடியில் கருப்பு வண்டலும் கிடைக்கும். வண்டலை வடித்து நீக்குகிறார்கள்.

5. வடிகட்டிய நீரை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டுப் பருந்துகள்களைப் பிரிக்கிறார்கள். பின்னர் நுண்துளைகள் கொண்ட சவ்வுப் பையில் இட்டு, ஓரிரு நாள்கள் வரை சுத்தமான நீரில் ஊற வைக்கிறார்கள். உப்பும் சிறு மூலக்கூறுகளும் பையை விட்டு வெளியேறும். புள்ளிகள் உள்ளே தங்கும்.

6. எஞ்சிய நீரை உறைய வைத்து உலர்த்தினால் தூள் கிடைக்கும்.

இவற்றில் முதல் மூன்று படிகள் எளியவை. செலவும் உழைப்பும் திறமையும் தேவைப்படுவது 5-ஆவது படியில்தான். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கணக்குப் பார்க்கும்போது இது உதவும்.

வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்

ஆரஞ்சுச் சாறு 120 டிகிரியில் ஆகிறது என்றால் வீட்டுக் குக்கரிலேயே செய்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். குக்கரிலிருந்து கிடைப்பது வெந்து பழுத்த சாறு மட்டுமே. ஆய்வுக்கூடத்தில் அந்தச் சாற்றைக் கரைப்பான்களால் கழுவி, சுழற்றிப் பிரித்த பிறகே புள்ளிகள் கையில் வருகின்றன.

200 டிகிரி வேண்டுமென்று இரும்புக் குழாயிலோ பீப்பாயிலோ தண்ணீரை அடைத்து மூடிச் சூடேற்றுவது உயிருக்கே ஆபத்து. வீட்டுக் குக்கரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோதான். 200 டிகிரியில் மூடிய நீரின் அழுத்தம் ஏறக்குறைய 15 கிலோவை எட்டும். லாரி டயரில் அடைக்கும் காற்றைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு! சாதாரணப் பற்றவைப்பு இதைத் தாங்காது, வெடித்துவிடும். பட்டறையில் இத்தகைய கலம் செய்து தருவதாக எவரேனும் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

எதற்குப் பயன்படுகிறது?

முதலாவது, சோதனைக்கு. கரிமப் புள்ளிகள் கலந்த நீரில் இரும்பு, பாதரசம், செம்பு போன்ற உலோகங்களின் உப்பு சேர்ந்தால் ஒளி மங்குகிறது. எவ்வளவு மங்கியது என்பதை அளந்து, உலோகம் எவ்வளவு உள்ளது என்று கணிக்கலாம். சில பூச்சிமருந்து எச்சங்களுக்கும் இவ்வகைச் சோதனை முயன்று பார்க்கப்பட்டுள்ளது. ஒரு குறையும் உண்டு. பல உலோகங்கள் ஒரே மாதிரி ஒளியை மங்கச் செய்கின்றன. உப்பு நிறைந்த கிணற்று நீரில் கணக்குத் தவறிவிடக்கூடும்.

இரண்டாவது, உயிரணுக்களுக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு. மூன்றாவது, கள்ளத்தனத்தைத் தடுக்கும் மறைமுக மை, விளக்கு ஆகியவற்றுக்கு.

நான்காவதாக, பயிருக்கு இவற்றைத் தெளித்துப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. புற ஊதாக் கதிரைப் பயிர் பயன்படுத்தக்கூடிய ஒளியாக மாற்றிக் கொடுத்தால் பச்சையம் கூடுதலாக வேலை செய்யுமா என்பது இந்த ஆய்வுகளின் கேள்வி. தொட்டியிலும் நீர்க்கரைசலிலும் வளர்த்த செடிகளில் சிறிய அளவு நன்மை செய்ததாகவும், அளவு கூடியபோது கெடுதல் செய்ததாகவும் முடிவுகள் வந்துள்ளன. தொட்டியில் கண்டதை வயலில் கண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பொருள் பரிந்துரைக்கப்பட வேண்டுமானால் பல ஊர்களில், பல மண் வகைகளில், பல பட்டங்களில் நிகழ்த்திய வயல் சோதனைகள் வேண்டும்.

ஒளிர்ந்தால் மட்டும் போதாது

"மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்ற பழமொழி இந்தப் பொருளுக்கு அப்படியே பொருந்தும். புட்டியில் ஒரு நீரை ஊற்றி, அதன்மேல் ஊதா விளக்கைப் பிடித்து, நீல நிறமாக ஒளிர்வதைக் காட்டி, "இதோ நானோ" என்று எவர் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு.

ரூபாய் நோட்டுச் சரிபார்க்கும் சிறிய விளக்கு ஒன்றைக் கடையில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டான அறையில் நான்கு கிண்ணங்களை வரிசையாக வையுங்கள்.

முதல் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயில் சிறிது மஞ்சள்தூள் கலந்து தெளிய விடுங்கள். இரண்டாவதில் சலவைத்தூள் ஒரு சிட்டிகை கரைத்த நீர். மூன்றாவதில் கீரையைக் கசக்கி மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊற வைத்து வடித்த பச்சை நீர். நான்காவதில் வெறும் குடிநீர்.

விளக்கைப் பிடித்தால் மஞ்சள் கலந்த எண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். வெண்மை கூட்டும் பொருள் சேர்ந்த சலவைத்தூள் நீர் நீலமாக ஒளிரும். கீரைச் சாறு பச்சையாக இருந்தும் சிவப்பாக ஒளிரும்! குடிநீர் சும்மா இருக்கும். முதல் மூன்றிலும் ஒளி உண்டு. எதிலும் கரிமப் புள்ளி இல்லை. விளக்கை நேரே கண்ணில் பார்க்கக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கவும் கூடாது. ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்பருகே வைக்க வேண்டாம்.

தாவரச் சாறுகளில் இயற்கையாகவே ஒளிரும் பொருள்கள் நிறைய உண்டு. சூடாக்கும்போது புதிதாகச் சில ஒளிரும் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. இந்தத் தொல்லை ஆய்வுக்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை. கரிமப் புள்ளியின் ஒளி என்று எண்ணியது உண்மையில் கூடவே கலந்திருந்த சிறு மூலக்கூறுகளின் ஒளி என்று சில ஆய்வுகளில் பின்னர் தெரியவந்தது. அதனால்தான் சவ்வுப் பையில் இட்டுச் சுத்தம் செய்வதும், மின்னணு நுண்ணோக்கியில் பார்ப்பதும் கட்டாயமாகின்றன. ஊதா விளக்கு ஒன்றையே சாட்சியாகக் கொண்டு பணம் கொடுக்கக் கூடாது.

கணக்குப் பார்ப்போம்

ஒரு ஏக்கர் நெல்லில் சுமார் 2 டன் வைக்கோல் கிடைப்பதாகக் கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு முறைக்கு 5 கிராம் பொடி தேவை என்றால், 2 டன் வைக்கோல் 4 லட்சம் முறைக்குப் போதும். ஒரு ஏக்கர் வைக்கோலை ஒரு கல்லூரி தன் ஆயுள் முழுவதும் செலவழிக்க முடியாது!

இதிலிருந்து தெரிவது என்ன? கரிமப் புள்ளி விலை உயர்ந்த பொருளாக இருக்கலாம். ஆனால் அந்த விலை வைக்கோலுக்காகத் தரப்படுவதில்லை. சுத்தம் செய்யும் வேலைக்கும், சோதித்துச் சான்று தரும் வேலைக்குமே தரப்படுகிறது. மூலப்பொருள் எங்கும் கொட்டிக் கிடக்கிறது. தேவையோ கிராம் கணக்கில் இருக்கிறது. இந்த நிலையில், "உங்கள் கழிவைக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம், முதலில் இயந்திரத்துக்குப் பணம் கட்டுங்கள்" என்று எவரேனும் வந்தால், கையெழுத்திடும் முன் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேளுங்கள்:

கழிவை யார் வாங்கப் போகிறார்கள்? வாங்குபவர் தரும் எழுத்து மூலமான ஒப்பந்தம் எங்கே?

விளைபொருளின் தூய்மைக்கு எந்த ஆய்வுக்கூடம் சான்று தருகிறது?

அழுத்தக் கலத்துக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று உண்டா?

இதே இயந்திரத்தை வாங்கி, ஒரு வருடமாவது நடத்திப் பணம் கண்ட உழவர் யார்? அவரை நேரில் சந்திக்க முடியுமா?

கழிவு நீர் எங்கே போகும்?

பதில் வராவிட்டால் பணமும் போக வேண்டாம். நகையை அடகு வைத்து வாங்கிய பணத்தில் இத்தகைய முயற்சியில் இறங்குவது சிறு விவசாயிக்கு ஏற்றதல்ல.

அதே போல, "நானோ கரிமம்" என்ற பெயரில் பயிருக்குத் தெளிக்கும் நீர் விற்கப்பட்டால், 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அது பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். உயிர் ஊக்கிகள் என்று சொல்லப்படும் பொருள்களும் 2021-இல் இந்த ஆணைக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. புட்டியின் சீட்டில் உள்ளடக்கம், தயாரித்த நாள், தயாரிப்பாளர் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். இரசீது தராதவரிடம் வாங்கவே கூடாது. ஐயமிருந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் காட்டிக் கேட்கலாம்.

உழவர் செய்யக்கூடிய பங்கு

இப்படிச் சொல்வதால் இந்த ஆய்வு பயனற்றது என்று பொருளல்ல. உழவர் உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஒரே பயிரின் கழிவே ஆனாலும், ஒரு ஊரில் எடுத்ததும் மற்றோர் ஊரில் எடுத்ததும் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை. நைட்ரஜன் மிகுந்த பொருள் பொதுவாகக் கூடுதல் ஒளி தருகிறது. வைக்கோலிலும் உமியிலும் சாம்பலும் மணற்சத்தும் அதிகம். பழத்தோலில் சர்க்கரை அதிகம். அது எளிதில் மாறுகிறது. பருத்தி மாரில் மரச்சத்து மிகுதி. அது உடைவது கடினம். ஆகவே ஆய்வாளருக்கு வேண்டியது ஒரே சீரான, வரலாறு தெரிந்த கழிவு.

அருகிலுள்ள கல்லூரியோ பல்கலைக்கழகமோ இத்தகைய ஆய்வு செய்து மாதிரி கேட்டால், பயிர், இரகம், ஊர், அறுத்த நாள், தெளித்த மருந்து, இட்ட உரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி, நிழலில் உலர்த்தி, மண் ஒட்டாமல் துணிப்பையில் கட்டிக் கொடுக்கலாம். இதற்குச் செலவில்லை. கழிவை வகை பிரித்து உலர்த்தி வைக்கும் இந்தப் பழக்கம், வேறு எந்த வழியில் கழிவை விற்றாலும் பயன் தரும்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

கரிமப் புள்ளி வரும் வரை கழிவு காத்திருக்காது. அதிலுள்ள கரிமத்தையும் சத்தையும் நாமே பயன்படுத்திக்கொள்ளும் வழிகள் உள்ளன.

தீ வைக்காதீர்கள்: ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ வரை தழைச்சத்தும், 15 முதல் 25 கிலோ வரை சாம்பல்சத்தும் உண்டு. கொளுத்தினால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். ஐந்தரைக் கிலோ தழைச்சத்து என்பது 12 கிலோ யூரியாவுக்குச் சமம். 2 டன் வைக்கோலைக் கொளுத்தினால் அரை மூட்டை யூரியாவைக் கொளுத்தியதாகவே கொள்ள வேண்டும். வைக்கோல் முதலில் மாட்டுக்கு, பிறகு காளானுக்கு, மிஞ்சியது எருவுக்கு என்ற வரிசையைக் கடைப்பிடிப்பது நல்லது.

கரும்புத் தோகை: மறுதாம்புக் கரும்பில் தோகையை எரிக்காமல் ஒன்று விட்டு ஒரு பாரில் பரப்பி வைத்தால் ஈரம் காக்கப்படும், களை குறையும், நாளடைவில் மக்கி எருவாகும்.

தென்னை நார்க்கழிவு: ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும், 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் தேவை. நிழலான இடத்தில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி அதன்மேல் ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள். அடுத்த 100 கிலோவைப் பரப்பி, ஒரு கிலோ யூரியாவைத் தூவுங்கள். இப்படி மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்கி, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் ஒரு மாதத்தில் கருத்த எரு கிடைக்கும். தழைச்சத்தைப் போல் 100 மடங்குக்கு மேல் இருந்த கரிமம் 24 மடங்கு அளவுக்குக் குறைந்துவிடும். மக்காத நார்க்கழிவை அப்படியே இட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது.

மரக்கழிவு: பருத்தி மார், தென்னை மட்டை, சீமைக்கருவேல் போன்ற கட்டைப் பொருள்கள் எளிதில் மக்கா. இவற்றைக் காற்றுக் குறைவாகச் சூடாக்கிக் கரியாக்கலாம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் கரிமூட்டம் போடுவோருக்கு இது பழகிய தொழில். மூடிய கலத்தில் நீரோடு வேக வைப்பது கரிமப் புள்ளியின் வழி. காற்றுப் புகாமல் வறுப்பது கரியின் வழி. இரண்டும் ஒரே குடும்பம்தான். 100 கிலோ உலர்ந்த கட்டையில் 25 முதல் 30 கிலோ கரி கிடைக்கும். விற்றது போக எஞ்சும் கரித்தூளை வீசிவிடாமல், சம அளவு தொழு உரத்துடன் கலந்து, சாணக் கரைசல் தெளித்து இரண்டு வாரம் வைத்திருந்து நிலத்தில் இடலாம். கரித்தூள் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். ஆனால் அது காரத்தன்மை உடையது. புளிப்பு நிலத்துக்கு ஏற்றது. களர் நிலத்துக்கு ஏற்றதல்ல. மண் பரிசோதனை செய்து, முதலில் 5 சென்டில் மட்டும் இட்டுப் பார்த்து, பலன் தெரிந்த பிறகு பெருக்கிக்கொள்ளுங்கள்.

வாழைக் கழிவு: வாழைத் தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். இதை உலர்த்திக் கரியாக்குவது வீண் வேலை. சிறு துண்டுகளாக நறுக்கி, சாணத்துடன் குழியில் அடுக்கி மக்க வைப்பதே சிக்கனம். சாம்பல்சத்து நிறைந்த எரு கிடைக்கும்.

நினைவில் வைக்க வேண்டியவை

தாவரக் கழிவிலிருந்து ஒளிரும் கரிமப் புள்ளிகள் எடுக்க முடியும் என்பது மெய். நம் நாட்டு ஆய்வாளர்களும் இதில் முன்னணியில் பங்கு கொண்டுள்ளனர். நாளைக்கு நம் கிணற்று நீரையும் காய்கறியையும் சோதிக்கும் மலிவான சாதனம் இதிலிருந்து கிடைக்கலாம். ஆனால் இது பண்ணைத் தொழில் அல்ல, ஆய்வுக்கூடத் தொழில். மூடிய கலத்தில் நீரைச் சூடேற்றும் விளையாட்டு வீட்டில் வேண்டாம். ஒளிரும் புட்டியைக் கண்டு முன்பணம் தர வேண்டாம்.

உழவரின் ஆதாயம் கழிவின் உள்ளே இருக்கும் கரிமத்திலும் தழைச்சத்திலும் சாம்பல்சத்திலும் இருக்கிறது. அதை எரிக்காமல், வகை பிரித்து, ஈரமானதை மக்க வைத்து, கட்டையானதைக் கரியாக்கி, மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தால் அடுத்த பட்டத்து உரச் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும். இந்த அறுவடைக்கே அதைத் தொடங்கிவிடலாம்.